பழைய குறுந்தகடும் புதிய குறுந்தகடும்

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரி நூலகத்தார் என்னை அழைத்திருந்தனர். அயல்நாட்டில் நெடுங்காலம் பணிபுரிந்து திரும்பிய பெரியவர் ஒருவர், தாம் சேர்த்து வைத்திருந்த மேல்நாட்டு இசைக் குறுந்தகடுகளை அந்நூலகத்துக்கு வழங்கியிருந்தார். அவற்றைப் பிரித்து அடுக்கியபோது, ஒரே கலைஞரின் ஒரே இசைப்பதிவு பல இடங்களில் இரண்டிரண்டாக இருக்கக் கண்டனர். பேழையின் முகப்பில் அதே படம், உள்ளே அதே பாடல்கள், அதே வரிசை. ஒன்று 1980களில் வாங்கியது, மற்றொன்று பிற்காலத்தில் வாங்கியது என்பதைத் தவிர வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை. நூலகத்திலோ இடம் குறைவு. "இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கழித்துவிடலாம் அல்லவா? எதைக் கழிப்பது என்று மட்டும் சொல்லிவிடுங்கள், ஐயா" என்றார் நூலகர்.

கேள்வி எளிதுதான். விடை சொல்லத்தான் எனக்கு நான்கு நாட்கள் ஆயின. ஒரு நூலுக்கு இரண்டு ஏட்டுச்சுவடிகள் கிடைத்தால், ஒன்று போதும் என்று மற்றதை ஆற்றில் விடுவாரை நாம் பதிப்பாசிரியர் என்று சொல்லமாட்டோம். குறுந்தகடும் அப்படிப்பட்டதுதானா? அல்லது ஒரே அச்சில் வார்த்த இரண்டு நாணயங்களைப் போல ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகுமா? இதைத் தீர்மானிக்க வேண்டுமாயின், பழைய தகடும் புதிய தகடும் பொருளளவில் எங்கே ஒத்திருக்கின்றன, எங்கே மாறியிருக்கின்றன என்பதைக் காணவேண்டும். இன்று உங்களுக்கு நான் சொல்லவிருப்பது அதுவே.

மாறாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1979ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள், நெதர்லாந்து நாட்டின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தார் தாம் உருவாக்கிய சிறிய ஒளித்தகட்டைப் பத்திரிகையாளர்களுக்கு இயக்கிக் காட்டினர். அவ்வாண்டிலேயே ஜப்பானின் சோனி நிறுவனம் அவர்களோடு கைகோத்தது. இரு நிறுவனங்களும் கூடி 1980ஆம் ஆண்டில் குறுந்தகட்டின் அளவுகளையெல்லாம் ஒரு தரநூலாக வகுத்தன. அந்நூலின் அட்டை சிவப்பு நிறமாதலின் அதற்குச் 'செந்நூல்' என்றே பெயர் வழங்குகிறது. தகட்டின் குறுக்களவு 12 சென்டிமீட்டர், நடுத்துளை 15 மில்லிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர். ஒலியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்கங்கள் கொண்ட ஈரடி எண்ணாகக் குறித்து வைக்கவேண்டும். இவ்விதிகள் அன்றும் இன்றும் ஒன்றே. அதனாற்றான் 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த கருவி பழுதின்றி இருக்குமாயின், நேற்று அச்சான தகட்டையும் அது பாடிக்காட்டும். நாற்பது ஆண்டுகளில் எத்தனை கருவிகள் வந்து மறைந்தன என்று எண்ணிப் பார்ப்பார்க்கு இது சிறு செய்தியன்று.

தகட்டின் அகலத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி முழுவதும் ஒரே தகட்டில் அடங்கவேண்டும் என்பதற்காகவே 12 சென்டிமீட்டர் என்று முடிவு செய்தனர் என்பர். கேட்க இனிய கதை. ஆனால் அக்காலத்தில் பிலிப்ஸ் நிறுவனத்தில் அப்பணியில் ஈடுபட்டிருந்த பொறியியலாளர் இம்மிங்க், காரணம் அத்துணை எளிதன்று என்று பிற்காலத்தில் எழுதினார். பிலிப்ஸ் நிறுவனத்தார் முதலில் 11.5 சென்டிமீட்டர் அளவையே கருதியிருந்தனர். அவ்வளவையே கொண்டிருந்தால் அவர்களுடைய துணை நிறுவனமாகிய பாலிகிராம் ஆலை போட்டியில் முந்தியிருக்கும். அளவு மாறியதால் அந்த முந்துதல் போயிற்று என்பது அவர் கருத்து. வாணிகமும் இசையும் சேர்ந்தே அளவுகோலைப் பிடித்தன போலும்.

இனி, தகட்டின் உடற்கூற்றைப் பார்ப்போம். குறுந்தகட்டின் பெரும்பகுதி பாலிகார்பனேட் என்னும் தெளிந்த பிளாஸ்டிக். அதன் மேல்முகத்தில், நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருளாக ஓடும் வரிசையில், மிக நுண்ணிய குழிகள் பதிந்திருக்கும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி ஏறத்தாழ 1.6 மைக்ரோமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முழுத் தகட்டில் 20,000க்கும் மேற்பட்ட சுற்றுகள் உண்டு. அச்சுருளை அவிழ்த்து நேராக நீட்ட முடியுமாயின் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகும். அந்தக் குழிகளின் மீது, ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாத மெல்லிய அலுமினியப் படலம் கண்ணாடிபோலப் படிந்திருக்கிறது. அலுமினியத்தின்மேல் காற்றுப் படாமல் காக்க ஒரு மெருகுப்பூச்சு. அது சில மைக்ரோமீட்டர் கனம். அதன்மேல் பெயரும் படமும் அச்சிடும் மை. அவ்வளவே.

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்கவேண்டும். நம்மில் பலரும் தகட்டின் பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் கண்ணின் மணிபோலக் காக்கிறோம். பெயர் அச்சிட்ட பக்கத்தை மேசையில் தேய்த்து வைக்கிறோம். உண்மை இதற்கு நேர்மாறு. அடிப்பக்கத்திலிருந்து இசைக்குழிகளை அடைய ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக்கைத் துளைத்துச் செல்லவேண்டும். லேசர் ஒளி தகட்டுக்குள் புகும் இடத்தில் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் அகன்று, குழிகளை அடையும்போதுதான் குவிகிறது. ஆதலால் அடிப்பக்கத்துத் தூசும் சிறு கீறலும் அதன் பார்வைக்கு மங்கலாகவே படும். பெயர்ப்பக்கத்திலோ, இசைக்கும் நம் நகத்துக்கும் இடையே இருப்பது தலைமயிரின் கனங்கூட இல்லாத மெருகும் மையுமே. பழைய தகடுகளுக்கும் புதிய தகடுகளுக்கும் உள்ள வேறுபாடுகளில் பல அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

நிற்க. நூலகத்து மேசைக்கு வருவோம். இரட்டையாக இருந்த தகடுகளில் முதல் இணையை எடுத்து, பெயர்ப்பக்கம் மேலாக அருகருகே வைத்தேன். பழையதில் வெள்ளிநிறப் பரப்பு அப்படியே தெரிய, கறுப்பு மையில் பெயரும் எண்ணும் மட்டும் அச்சாகியிருந்தன. புதியதில் வெள்ளை மை பூசி, அதன்மேல் பல வண்ணங்களில் முகப்புப் படமே அச்சாகியிருந்தது. தொடக்க காலத்துத் தகடுகள் பெரும்பாலும் ஒரு வண்ணம், இரண்டு வண்ணங்களோடு நின்றன. வார்னர் குழுமத்துக்காக மேற்கு ஜெர்மனியில் அச்சான முற்காலத் தகடுகள் சிலவற்றில் மட்டும், குறிபார்ப்பார் இலக்குப் பலகைபோல வட்டமும் குறுக்குக் கோடுகளும் கொண்ட அழகிய வண்ணக்கோலம் இருக்கும். 'டார்கெட்' தகடுகள் என்று அவற்றைச் சேகரிப்போர் இன்றும் தேடி அலைகின்றனர்.

அடுத்துப் பார்க்கவேண்டியது நடுத்துளையைச் சுற்றியுள்ள பகுதி. நான் 'நடுவளையம்' என்று சொல்லப்போவது இதுவே. செந்நூல் மிகக் கண்டிப்பாகப் பேசியது இசை பதியும் பகுதியைப் பற்றி. நடுவளையத்தில் இசை இல்லை. ஆதலால் அலுமினியம் எதுவரை படரவேண்டும், பிளாஸ்டிக்கில் எங்கே வரை அமையவேண்டும், எந்த எழுத்தை எங்கே பொறிப்பது என்பவற்றில் ஆலைக்கு ஆலை வழக்கம் வேறுபட்டது. 1980களின் முற்பகுதியில் மேற்கு ஜெர்மனியில் அச்சான சில தகடுகளில் அலுமினியக் கண்ணாடி நடுத்துளை வரையிலும் படர்ந்திருக்கும். தகடு முழுவதும் வெள்ளித் தட்டுப்போலத் தோன்றும். பிற்காலத் தகடுகளில் அலுமினியம் சற்றுத் தள்ளியே நின்றுவிட, துளையைச் சுற்றிக் கண்ணாடி போன்ற தெளிந்த பிளாஸ்டிக் வளையம் ஒன்று தெரிகிறது. உங்கள் வீட்டில் இருக்கும் தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்த வளையத்தைக் காண்பீர்கள்.

தெளிந்த வளையத்துக்கு வெளியே, இசை தொடங்குமுன் உள்ள மின்னும் பட்டையில் சிறு எழுத்துக்கள் உண்டு. தகட்டுக்கு அதுவே கல்வெட்டு. தகடு எந்தத் தாய்அச்சிலிருந்து பிறந்தது, எந்த ஆலையில் பிறந்தது என்பவற்றை அங்கே படிக்கலாம். ஜெர்மனியின் அனோவர் நகரை அடுத்த லாங்கன்ஹாகனில் இருந்த ஆலையையே எடுத்துக்கொள்வோம். 1982ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், ஆபா என்னும் சுவீடன் நாட்டு இசைக்குழுவின் 'தி விசிட்டர்ஸ்' என்ற தொகுப்பை அச்சிட்டு, விற்பனைக்குரிய குறுந்தகடுகளின் உற்பத்தியைத் தொடங்கிய பெருமை அந்த ஆலைக்கு உண்டு. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஜப்பானில் சோனியின் கருவியும் தகடுகளும் கடைக்கு வந்தன. லாங்கன்ஹாகன் தகடுகளின் முற்காலப் பொறிப்பு 'மேற்கு ஜெர்மனியில் பாலிகிராம் செய்தது' என்று கூறும். 1986ஆம் ஆண்டில் பிலிப்சும் டூபாண்டும் கூட்டு நிறுவனம் ஒன்றை ஏற்படுத்திய பின்னர்ப் 'பி.டி.ஓ.' என்ற எழுத்துக்கள் வரும். அதன்பின் 'பி.எம்.டி.சி.' என்பர், பின்னர் யுனிவர்சல் பெயர், 2005க்குப் பின் 'இ.டி.சி.' ஊர் ஒன்று, ஆலை ஒன்று. ஆண்டவர் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வருகிறது. ஒரே கோயிலின் சுவரில் சோழர், பாண்டியர், நாயக்கர் கல்வெட்டுக்களை அடுத்தடுத்துப் படித்த நம்மவர்க்கு இது புதிதன்று.

நாட்டின் பெயரும் ஒரு சான்று. மேற்கு ஜெர்மனி என்று ஒரு நாடு 1990ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாளோடு முடிந்தது. அப்பெயர் தாங்கிய தகடு அதற்கு முற்பட்டது என்று சொல்லிவிடலாம் அன்றோ? நானும் அப்படித்தான் எண்ணினேன். எண்ணியதோடு நில்லாமல் எழுதியும் வைத்தேன். அங்கேதான் தவறினேன்.

நடந்தது இது. பியானோ இசைத் தகடு ஒன்று. பேழையின் பின்தாளில் 'மேற்கு ஜெர்மனியில் செய்தது' என்று அச்சிட்டிருந்தது. வட்டத்துக்குள் 'பி' என்னும் எழுத்திட்டு 1984 என்ற ஆண்டும் இருந்தது. பட்டியலில் '1984, முதல் அச்சு, காக்கத்தக்கது' என்று எழுதிவிட்டு அடுத்த தகட்டை எடுத்தேன். எனக்குத் துணையாக ஒரு மாணவர் இருந்தார். இளங்கலை இரண்டாம் ஆண்டு படிப்பவர். அவர் உருப்பெருக்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தத் தகட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஐயா, துளைக்குப் பக்கத்தில் ஐ.எஃப்.பி.ஐ. என்று நான்கு எழுத்துக்கள் இருக்கின்றனவே, இவை எப்போது வந்தவை?" என்று கேட்டார்.

கேள்வி என்னைச் சுட்டது. அந்த எழுத்துக்களின் வரலாற்றை நான் அறிவேன், பார்க்கத்தான் மறந்தேன். திருட்டுத் தகடுகள் பெருகியபோது, எந்தத் தகடு எந்த ஆலையில் பிறந்தது என்று கண்டுபிடிப்பதற்காக, பன்னாட்டு இசைப்பதிவாளர் சம்மேளனமாகிய ஐ.எஃப்.பி.ஐ.யும் பிலிப்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1994ஆம் ஆண்டில் ஏற்படுத்திய அடையாளம் அது. ஆகவே, அந்த எழுத்துத் தாங்கிய தகடு 1994க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. தாள் பழையது, தகடு புதியது. பழைய தாள்களை ஆலையார் கைவசம் வைத்திருந்து பயன்படுத்தினரோ, அல்லது உடைந்த பேழையை மாற்றும்போது வீட்டில் எவரோ இடம் மாற்றி வைத்தனரோ, அது வேறு. '1984' என்பதோ இசைப்பதிவு வெளியான ஆண்டைக் குறிப்பது. தகடு வார்த்த ஆண்டை அன்று. பட்டியலில் என் எழுத்தை நானே அடித்துத் திருத்தினேன்.

அந்த அடையாளத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. அது இரண்டு வகை. ஒன்று தாய்அச்சுச் செய்யும்போதே லேசரால் எழுதப்படுவது. மற்றொன்று பிளாஸ்டிக்கை வார்க்கும் எந்திரத்தின் வார்ப்பச்சில் பொறிக்கப்பட்டிருப்பது. 1985இல் செய்த தாய்அச்சை வைத்துக்கொண்டு 1996இல் மீண்டும் தகடு வார்த்தார்கள் என்று கொள்ளுங்கள். அத்தகட்டில் வார்ப்பச்சின் அடையாளம் இருக்கும். தாய்அச்சின் அடையாளம் இராது. அப்படிப்பட்டது உடலால் புதியது, உள்ளடக்கத்தால் பழையது. நாங்கள் பார்த்த பியானோத் தகடு அத்தகையதே. 'பழையதா, புதியதா' என்று நூலகர் கேட்டதற்கு இரண்டும் என்றே விடை சொல்லவேண்டியதாயிற்று!

உருப்பெருக்குக் கண்ணாடி இல்லாமலே காணக்கூடிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. தகட்டின் அடிப்பக்கத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், இசை பதிந்த பகுதி சற்றுக் கருமையாகவும் பதியாத பகுதி வெறுங்கண்ணாடி போலவும் தெரியும். கிராமபோன் இசைத்தட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இருபது நிமிட அளவில் இருந்த இசையை அப்படியே குறுந்தகட்டுக்கு மாற்றியபோது, மொத்தம் நாற்பது நிமிடந்தான் தேறிற்று. அத்தகைய பழைய தகடுகளில் விளிம்பை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் அகலம் வெறுமையாக மின்னும். அன்றியும், ஆலைக்கு அனுப்பும் மூலப் பதிவை அந்நாளில் யு-மேட்டிக் என்னும் காணொளி நாடாவில் எழுதினர். அந்நாடா ஏறத்தாழ 72 நிமிடங்களோடு முடிந்துவிடும். தகட்டில் இடம் இருந்தும் நாடாவில் இடம் இல்லை. பிற்காலத்தில் அத்தடை நீங்கிற்று, சுற்றுக்களை 1.5 மைக்ரோமீட்டர் அளவுக்கு நெருக்கி 80 நிமிடம் வரையிலும் நிரப்பினர். புதிய தகடுகளில் கருமை விளிம்புவரை ஓடுகிறது. வெளியிடாமல் விட்ட பாடல்கள், ஒத்திகைப் பதிவுகள் எல்லாம் 'கூடுதல்' என்ற பெயரில் வந்து சேர்ந்தன. எல்லாம் வேண்டியவைதாமா என்பது வேறு வினா.

பழைய தகடுகள் கனமானவை, புதியவை இலேசானவை என்று சேகரிப்போர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தரநூல் 1.1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை கனத்தில் விட்டுக்கொடுக்கிறது. எடையிலும் 14 கிராமிலிருந்து 33 கிராம் வரை இடந்தருகிறது. ஆதலால் வேறுபாடு இருத்தல் கூடும். எனினும் நகைக்கடைத் தராசு ஒன்றை வாங்கிவந்து ஐந்து இணைகளை நிறுத்துப் பார்த்தோம். ஒரு கிராம் வேறுபாடுகூட எதிலும் இல்லை. இரண்டு இணைகளில் புதியதே சற்று மிகுந்திருந்தது. எடையைக்கொண்டு காலம் கணிப்பது ஆகாது என்பது என் துணிபு. பேழைகளைப் பற்றியோ அப்படிச் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் தொடக்ககாலத்தில் குறுந்தகட்டின் பேழையை ஓரடி உயரமுள்ள நீண்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து விற்றனர்; கடைக்காரரின் பழைய இசைத்தட்டு அடுக்குகளில் அது பொருந்தவேண்டும் என்பதே காரணம். 1993ஆம் ஆண்டில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. வாங்கியவர் வீட்டுக்குப் போனதும் அட்டையைக் கிழித்தெறிந்தனர். ஆகவே இன்று அட்டைப்பெட்டியே தகட்டினும் அரிதாயிற்று.

இப்போது, எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் பகுதிக்கு வருகிறேன். தகடு எத்தனை காலம் வாழும்?

குறுந்தகடு வந்த புதிதில் அழிவற்ற ஒலி என்றே அதை விளம்பரம் செய்தனர். ஊசி உராய்வதில்லை, ஆகவே தேய்மானம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தேய்வது வேறு, துருவேறுவது வேறு. அலுமினியம் காற்றும் ஈரமும் பட்டால் மங்கிவிடும் உலோகம். அதைக் காப்பது மேலே உள்ள மெருகு ஒன்றே. அம்மெருகு விளிம்பைச் சரியாக மூடாவிடினும், மையோடு ஒத்துப்போகாவிடினும் நஞ்சு உள்ளே இறங்கும். இதற்கு வரலாற்றில் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பிளாக்பர்ன் நகரில் பி.டி.ஓ. நிறுவனம் நடத்திய ஆலையில் 1988 முதல் 1993 வரை செய்த தகடுகளில் ஒரு பகுதி, சில ஆண்டுகளில் விளிம்பிலிருந்து உள்நோக்கி வெண்கல நிறமாக மாறத் தொடங்கிற்று. அலுமினியத்துக்குப் பதிலாக வெள்ளி சேர்ந்த படலமும், அதைக் காக்கத் தவறிய மெருகும், பேழைக்குள் வைக்கும் தாளில் இருந்த கந்தகமும் கூடி இதைச் செய்தன. வெள்ளிக் கொலுசு பெட்டிக்குள் கிடந்து கறுப்பது எந்த முறையாலோ, அதே முறைதான். இசையின் உட்பகுதி நன்றாகப் பாடும். விளிம்பை நெருங்க நெருங்க இரைச்சல் எழும். இறுதிப் பாடல் இல்லாமற் போகும். குறை தம்முடைய செய்முறையில்தான் என்று அந்நிறுவனத்தார் ஒப்புக்கொண்டு, கேட்டவர்க்கு மாற்றுத் தகடு அளித்தனர்.

இதில் நினைவில் வைக்கவேண்டியது யாதெனில், வெண்கலமான தகடுகளில் பல, அளவில் யாதொரு குறையும் இன்றிச் செந்நூலின் வழி பிறந்தவை. குழிகளும் சுற்றுக்களும் சரியாகவே இருந்தன. அவற்றைக் கொன்றது எவரும் பார்க்காத மெருகு. அதற்கு மாறாக, முற்றிலும் பத்திரமாக இருக்கும் 1983ஆம் ஆண்டுத் தகடுகள் எண்ணற்றவை. ஆகவே, 'பழையது கெட்டுவிடும், புதியது நிலைக்கும்' என்று கழிப்பதும் தவறு. 'பழையதே உறுதி' என்று கொண்டாடுவதும் தவறு. தகட்டைத் தனித்தனியே பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

செய்முறையும் மாறிற்று என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். தொடக்கத்தில் தகடுகளைத் தொகுதி தொகுதியாக வெற்றிடப் பெட்டிக்குள் வைத்து, அலுமினியத்தை ஆவியாக்கிப் படியச் செய்தனர். பின்னர், ஒவ்வொரு தகடாக வரிசையில் வந்து நிற்க, மின்னேறிய வாயுவால் உலோக அணுக்களைத் தெறிக்கச் செய்து படியவைக்கும் முறை வந்தது. ஒரு தகட்டை வார்க்கும் நேரமும் சில நொடிகளாகச் சுருங்கிற்று. ஆலைகள் பெருகின, விலை இறங்கிற்று. மாணவர்களின் கைக்கும் தகடு எட்டியது அதனால்தான்.

2000க்குப் பின் வந்தவற்றில் சில, பார்வைக்குக் குறுந்தகடு போன்றிருந்தும் குறுந்தகடு அல்ல. படியெடுப்பதைத் தடுப்பதற்காக வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்திய தகடுகள் வந்தபோது, இவை தரநூலை மீறுகின்றன, குறுந்தகட்டின் முத்திரையை இவற்றின்மேல் இடலாகாது என்று பிலிப்ஸ் நிறுவனமே கூறிற்று. 2004இல் ஒருபுறம் இசைத்தகடும் மறுபுறம் டி.வி.டி.யுமாக ஒட்டி விற்ற 'டூயல் டிஸ்க்' என்பதில், இசைப்பக்கத்தின் பிளாஸ்டிக் 1.2 மில்லிமீட்டருக்குப் பதில் 0.9 மில்லிமீட்டர்தான். அதையும் சில கருவிகள் ஏற்கவில்லை. நூலகத்துக் குவியலில் இருந்த புதிய தகடு ஒன்றில் முத்திரை இல்லாதிருந்ததை அதே மாணவர் கண்டார். அது எங்கள் பழைய கருவியில் பாடவும் மறுத்தது. 1985இன் தகடு அதே கருவியில் தடையின்றிப் பாடிற்று. 2008ஆம் ஆண்டளவில் ஜப்பானில், இன்னும் தெளிவான பிளாஸ்டிக் கொண்டும், நீல லேசரால் தாய்அச்சு வெட்டியும் உயர்ந்த விலைத் தகடுகளை வெளியிட்டனர். அவற்றில் ஒலி மேம்படும் என்கின்றனர். குழிகள் சொல்லும் எண்கள் ஒன்றாகவே இருந்து, கருவியும் அவற்றைப் பிழையின்றிப் படித்துவிடுமாயின், ஒலி எப்படி மேம்படும் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆனால் பழைய தகடும் புதிய தகடும் வேறாக ஒலிக்கக் கேட்கிறோமே என்பீர்கள். மெய்தான், அதற்குக் காரணம் பிளாஸ்டிக் அன்று. இரண்டிலும் எழுதிய எண்களே வேறு. 1990களிலிருந்து பழைய பதிவுகளை மீண்டும் செப்பனிட்டு வெளியிட்டபோது, ஒலியளவை உயர்த்தி, மெல்லொலிக்கும் பேரொலிக்கும் உள்ள இடைவெளியைக் குறுக்கும் வழக்கம் பரவிற்று. ஜப்பானில் அச்சான முற்காலத் தகடுகள் சிலவற்றில் வேறொரு வழக்கம் உண்டு: உச்ச ஒலிகளை மிகைப்படுத்தி எழுதி, 'பாடும்போது தணித்துக்கொள்' என்று கருவிக்கு ஒரு மறைகுறிப்பும் எழுதிவைப்பர். கருவி அக்குறிப்பைப் படித்துத் தணித்துக்கொள்ளும். கணிப்பொறியில் படியெடுக்கும் மென்பொருள் பலவும் அதைக் கவனியாமல் விட்டுவிடுகின்றன. மாணவர்கள் படியெடுத்துக் கேட்டுவிட்டு, "பழைய தகடு கூச்சலிடுகிறது" என்று நூலகரிடம் புகார் கூறியதற்கு இதுவே காரணம். அப்புகாரை நம்பித்தான் அவர் முதலில் பழையவற்றைக் கழிக்க நினைத்திருந்தார்.

நான்காம் நாள் மாலை நூலகரிடம் என் கருத்தைச் சொன்னேன். இரட்டைகளில் எதையும் கழிக்கவேண்டா. இடம் வேண்டுமாயின் பேழைகளைத் தனியே கட்டிவைத்து, தகடுகளை மெல்லிய உறைகளில் நிறுத்தி அடுக்கலாம். எந்தப் பேழை எந்தத் தகட்டுக்கு உரியது என்று மட்டும் எண்ணிட்டுக்கொள்ளவேண்டும். அவர் ஒப்புக்கொண்டார். பிறகு, சற்றுத் தயங்கி, வந்த அன்றே முப்பது தகடுகளின் பெயர்ப்பக்கத்தில் நூலகப் பதிவெண் எழுதிய ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டதாகச் சொன்னார். உரித்துவிடட்டுமா என்றும் கேட்டார். "உரிக்கவேண்டா, பசையோடு மெருகும் அலுமினியமும் சேர்ந்து வந்துவிடும். அப்படியே இருக்கட்டும். அவற்றை முதலில் படியெடுத்து வைப்போம்" என்றேன்.

பதிவேட்டில் 'பெற்ற நாள்' என்ற பத்திக்குப் பக்கத்தில் 'நடுவளைய எழுத்து' என்று புதிதாக ஒரு பத்தி கோடிட்டார்கள். அந்த மாணவர் சன்னலருகே அமர்ந்து, தகட்டைச் சாய்த்துப் பிடித்து, எழுத்தெழுத்தாகப் படித்து எழுதத் தொடங்கினார். நான் விடைபெற்று வரும்போது நாற்பத்தொன்றாம் தகட்டில் இருந்தார்.